பழைய இயந்திரத்தின் குரல்

மலைநாட்டின் வடக்கு வாயிலாக விளங்குவது மாத்தளை மாவட்டம். அதன் வடபகுதியில் தம்புள்ளையும் சீகிரியாவும் வெயில் நிறைந்த சமவெளியில் அமைந்துள்ளன. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் மதில்போல் எழுந்து நிற்கின்றது. தெற்கே கண்டிக்குச் செல்வோர் பலகடுவ மலைப்பாதையைக் கடந்தாக வேண்டும். மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து 400 மீற்றருக்குக் குறைந்த உயரத்தில் இருக்க, இரத்தோட்டைக்கு அப்பால் உள்ள றிவஸ்டன் மலைமுடி 1,400 மீற்றருக்கு மேல் உயர்ந்துள்ளது. ஆதலின் காலையில் தம்புள்ளைச் சமவெளியில் ஓடிய ஒரு மோட்டார் சைக்கிள் அன்று மாலையே கடும் ஏற்றமொன்றில் மூச்சுத் திணற நேரிடலாம்.

சமநிலத்தில் மறைந்திருக்கும் நோய் ஏற்றத்தில் வெளிப்படும். தம்புள்ளை வீதியில் ஓசையின்றி ஓடிய பழைய வண்டி, இரத்தோட்டை வீதியின் முதல் வளைவுகளில் ஏறும்போது 'டக், டக்' என்று தட்டத் தொடங்கும். அந்த ஓசை எங்கிருந்து பிறக்கின்றது, அஃது அற்பமானதா ஆபத்தானதா, வண்டியை மேலும் ஓட்டலாமா நிறுத்த வேண்டுமா என்னும் கேள்விகளுக்கு உடனே விடை காண வேண்டும். விடை தவறினால் இருவகை இழப்பு உண்டு. ஆபத்தான ஓசையை அற்பமென்று எண்ணினால் இயந்திரம் இறுகி, சக்கரம் பூட்டி, மலைப்பாதையில் உயிருக்கே கேடு விளையலாம். அற்பமான ஓசையை ஆபத்தென்று எண்ணினால், நலமாயிருந்த இயந்திரம் வீணாகப் பிரிக்கப்பட்டு, ஏழை ஒருவனின் பல மாதச் சேமிப்பு கராஜில் கரைந்துவிடும். இவ்விரு தவறுகளுக்கும் இடையே நின்று வண்டியையும் அதனை நம்பியிருந்த குடும்பத்தையும் காத்தது மெக்கானிக்கின் செவி. அச்செவி பயின்ற வரலாறு மலைநாட்டின் பொருளாதார வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது.

மாத்தளை பயணங்களினால் உருவான ஊர். கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து, கால்நடையாகவே மாத்தளையை வந்தடைந்தனர். 1880ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து புகையிரதப் பாதை மாத்தளை வரை நீண்டது. இலைநோயினால் கோப்பி அழிந்தபின் தேயிலை, கொக்கோ, இறப்பர் ஆகியன மலைச்சரிவுகளை நிறைத்தன. ஆனால் புகையிரதம் பள்ளத்தாக்கோடு நின்றுவிட்டது. நகரிலிருந்து தோட்டத்திற்கும், ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவிற்கும் செல்வதற்குக் காலும் குதிரையுமே துணையாயிருந்தன. இருபதாம் நூற்றாண்டில் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது மோட்டார் சைக்கிள். ஒடுங்கிய தோட்டப்பாதையில் கார் செல்லாத இடத்திற்கும் அது சென்றது.

மலைநாட்டுத் தோட்டங்களில் 'சின்னத்துரை' என்றதும் மோட்டார் சைக்கிளும் நினைவுக்கு வரும். மலைக்கு அப்பாலிருந்து அதன் ஓசை எழும்போதே கொழுந்து பறிப்போர் அவர் வருகையை உணர்ந்துகொண்டனர். ஓசையைக் கொண்டு வண்டியை அறியும் பழக்கம் இவ்வாறு கராஜிற்கு வெளியேயும் வேரூன்றியது. தேயிலைத் தொழிற்சாலையை மலையகத் தமிழர் 'ஸ்டோர்' என்பர். ஸ்டோரில் இரவு பகலாக இயங்கிய எண்ணெய் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட தொழிலாளரும் ஓசையின் சிறு மாற்றத்தைக் கவனித்தே தம் கடமையைச் செய்தனர். கைத்தொழில் வல்லவனை இலங்கையில் சிங்களவரும் தமிழரும் 'பாஸ்' என்று மதிப்போடு அழைப்பது வழக்கம். அச்சொல் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. மேசன் பாஸ், தச்சு பாஸ் என்பன போன்று இயந்திரம் திருத்துவோனும் பாஸ் என்னும் பெயரைப் பெற்றான்.

இரண்டாம் உலகப்போர் மோட்டார் சைக்கிளின் வரலாற்றில் ஒரு திருப்பம் ஆகும். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. போர்க்காலத்தில் சீகிரியாவில் பிரித்தானிய விமானப்படைக்கென ஓடுபாதை அமைக்கப்பட்டது. 1944ஆம் ஆண்டு ஏப்ரலில் தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. பிரித்தானியப் படைகள் எங்கு சென்றனவோ அங்கெல்லாம் செய்தி கொண்டோடிய வண்டிகளுள் ஒன்று பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் எம்.20 என்பதாகும். 496 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள அவ்வண்டி போருக்கென ஏறத்தாழ 1,26,000 எண்ணிக்கையில் செய்யப்பட்டது. அதன் வால்வுகள் சிலிண்டரின் தலையில் அல்லாமல் பக்கத்திலே அமைந்தவை. வேகம் குறைவு, ஆனால் உறுப்புகள் எளியவை, பழுது பார்ப்பதும் எளிது. போர் முடிந்தபின் படையினருக்கு வேண்டாத இத்தகைய வண்டிகள் பல நாடுகளில் பொதுமக்கள் கைக்கு வந்தன.

அதன்பின் 1948ஆம் ஆண்டில் பி.எஸ்.ஏ. பாண்டம் என்னும் சிறு வண்டி பிறந்தது. அது தோல்வியுற்ற ஜெர்மனியிலிருந்து போர் இழப்பீடாகப் பெற்ற டி.கே.டபிள்யூ. வண்டியின் அமைப்பைத் தழுவியது. 1955ஆம் ஆண்டில் பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையில் றோயல் என்பீல்ட் புல்லட் வண்டிகளைப் பொருத்தும் தொழில் தொடங்கியது. இங்கிலாந்தில் அவ்வண்டியின் உற்பத்தி நின்றபின்னும் சென்னையில் அது தொடர்ந்து நடைபெற்றது. எம்.20, பாண்டம், புல்லட் ஆகிய மூன்றும் மூன்று வகை இயந்திரங்கள். மூன்றின் குரலும் வெவ்வேறு. ஒன்றின் இயல்பான ஓசை மற்றொன்றில் நோயாகக் கருதப்படும். எனவே பாஸ் கற்க வேண்டிய முதற்பாடம், நோயுற்ற இயந்திரத்தின் ஓசையன்று. நலமான இயந்திரத்தின் ஓசையே.

செவியால் நோயறியும் முறை மருத்துவத்தில் தொடங்கியதென்பர். 1816ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் லெனெக், தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்து இதய ஒலியைக் கேட்டார். அதிலிருந்தே மருத்துவரின் ஒலிமானி பிறந்தது. மெக்கானிக்கின் ஒலிமானி நீண்ட திருப்புளி ஒன்றேயாகும். அதன் இரும்பு நுனியை இயந்திரத்தின் ஓரிடத்தில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அழுத்தினால், வெளியோசைகள் அடங்கி அவ்விடத்தின் ஓசை மட்டும் தெளிவாகக் கேட்கும். சிலிண்டரின் தலை, அதன் நடுப்பகுதி, கிராங்க் பெட்டி, சங்கிலி மூடி என ஒவ்வோரிடமாக நுனியை நகர்த்தி, ஓசை எங்கே உரத்துக் கேட்கின்றது என்று அறிவர். கையில் ஒரு சதமும் செலவின்றிச் செய்யக்கூடிய சோதனை இதுவேயாகும்.

ஆயினும் இடத்தை அறிதல் மட்டும் போதாது. நான்கு கேள்விகளுக்கு இயந்திரம் விடை கூற வேண்டும். குளிர்ந்திருக்கும்போது ஓசை மிகுதியா, சூடேறியபின் மிகுதியா? மெதுவாக ஓடும்போது கேட்கின்றதா, விரைவில் கேட்கின்றதா? பாரம் ஏறும்போது வளர்கின்றதா, இறக்கத்தில் வளர்கின்றதா? கிளச்சைப் பிடித்தால் மறைகின்றதா, மறையவில்லையா? இந்நான்கிற்கும் விடை கிடைத்தபின்னரே நல்ல பாஸ் ஸ்பனரைக் கையில் எடுப்பான்.

மேற்பகுதியிலிருந்து எழும் மெல்லிய 'டிக், டிக்' என்னும் ஓசை பெரும்பாலும் டப்பட்டினுடையது. நான்கு வீச்சு இயந்திரத்தில் கிராங்க் இருமுறை சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் ஒருமுறை மட்டுமே திறந்து மூடும். நிமிடத்திற்கு 1,000 சுற்றில் இயந்திரம் ஓடினால் ஒரு வால்வு 500 தடவையே தட்டும். இயந்திரத்தின் வேகத்தில் பாதியாக ஒலிக்கும் தட்டல் வால்வைச் சார்ந்தது என்று இதனால் துணியலாம். மருந்தும் எளிது. இயந்திரம் முற்றிலும் குளிர்ந்தபின், இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி, இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பழைய புல்லட்டில் தள்ளுதண்டு மேலுங்கீழும் ஆடாமலும் விரல்களுக்கிடையே தடையின்றி உருளக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். சிறிய ஹொண்டா சி.90 வண்டியில் அவ்விடைவெளி 0.05 மில்லிமீற்றர்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் நன்று. டப்பட் ஓசையை முற்றாக அடக்க விரும்பி இடைவெளியை அளவுக்கு மீறிக் குறைப்போர் உண்டு. ஓசை அடங்கும், உரிமையாளரும் மகிழ்வார். ஆனால் சூடேறி நீண்ட வால்வு முழுமையாக மூடாது. அதன் விளிம்பு வழியாகச் சுவாலை பாய்ந்து, சில நாட்களில் வால்வு கருகிவிடும். சிறிது தட்டும் டப்பட் பிழைத்திருக்கும். ஊமையான டப்பட் எரிந்துபோகும். ஓசை ஒரு நோயாவது போல, இருக்க வேண்டிய ஓசை இல்லாமற் போவதும் ஒரு நோயே.

குளிர்காலைப் பொழுதில் வண்டியை எழுப்பியவுடன் சிலிண்டரின் நடுவிலிருந்து கேட்கும் மந்தமான தட்டல் பிஸ்டனுடையது. தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் பக்கவாட்டில் அசைந்து சுவரை அறைகின்றது. சூடேறிப் பிஸ்டன் விரிந்ததும் ஓசை குறையும். வெப்பத்தோடு குறையும் ஓசை அவசரமானதன்று. பல மாதங்கள் பொறுக்கலாம். சிலிண்டர் எவ்வளவு தேய்ந்துள்ளதென அறிய விலையுயர்ந்த கருவி இல்லாதவிடத்தும் வழியுண்டு. பிஸ்டன் வளையம் ஒன்றைச் சிலிண்டரின் மேற்பகுதியில் வைத்து அதன் முனைகளுக்கிடையேயுள்ள இடைவெளியைத் தகட்டுமானியால் அளக்க வேண்டும். பின்னர் தேயாத அடிப்பகுதியில் வைத்து மீண்டும் அளக்க வேண்டும். இரு அளவுகளின் வேறுபாட்டை ஏறத்தாழ மூன்றால் வகுத்தால் விட்டத்தின் தேய்வு கிடைக்கும். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குச் சிறிது மேற்பட்டது என்னும் பள்ளிக்கணக்கே இங்கு கராஜில் பயன்படுகின்றது.

கனத்த சுத்தியலால் மரத்தில் அடிப்பதுபோல் அடிப்பகுதியிலிருந்து எழும் ஓசையே அஞ்சத்தக்கது. கனெக்டிங் றொட்டின் 'பிக் எண்ட்' எனப்படும் பெரிய முனை தேய்ந்தால் இவ்வோசை பிறக்கும். ஏற்றத்தில் பாரம் கூடுந்தோறும் அது வளரும். சூடேறி எண்ணெய் இளகியதும் மேலும் வளரும். பிஸ்டனின் ஓசை சூட்டில் குறைய, இவ்வோசை சூட்டில் கூடுகின்றது என்பதே இரண்டையும் வேறுபடுத்தும் குறி. இதனைக் கேட்டபின் வண்டியை ஓட்டுதல் அறிவீனம். முனை முறிந்தால் கிராங்க் பெட்டியே பிளந்துபோகும். சிலிண்டரைக் கழற்றி, றொட்டைக் கையால் பிடித்து, மேலுங்கீழும் அசைத்துப் பார்த்தால் ஐயம் தீரும். பக்கவாட்டில் சிறிது அசைதல் இயல்பு; மேலுங்கீழும் உணரத்தக்க அளவு அசைந்தால் கிராங்கைப் பிரித்தே ஆகவேண்டும். பிரித்த கிராங்கை மீண்டும் பொருத்தி, கோணலின்றி நேராக்குதல் பொறுமையும் நுணுக்கமும் வேண்டும் வேலை. அதனைக் கடைசல் பொறியும் அளவுகருவியும் உள்ள பட்டறையில் செய்வதே முறை.

பெரிய முனையின் ஓசையோடு மயங்கக்கூடிய மற்றொன்று உண்டு. ஏற்றத்தில் திறொட்டிலைத் திறந்ததும் கண்ணாடிக் குண்டுகளைத் தகரப் பேணியில் குலுக்கினாற்போல் எழும் கலகலப்பை 'பிங்கிங்' என்பர். அங்கே உலோகம் எதுவும் தேயவில்லை. எரிபொருளே தவறாக எரிகின்றது. இதன் காரணத்தை உலகம் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. இங்கிலாந்தில் ஹரி ரிக்கார்டோ என்னும் பொறியியலாளர், முதல் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் அமுக்க விகிதத்தை மாற்றக்கூடிய சோதனை இயந்திரத்தைக் கொண்டு எரிபொருள்களை ஆராய்ந்தார். 1921ஆம் ஆண்டில் ட்ரையம்ப் நிறுவனத்திற்காக நான்கு வால்வு மோட்டார் சைக்கிள் இயந்திரம் ஒன்றை உருவாக்கியவரும் அவரே. அதே 1921ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்பார், ஈயச் சேர்மம் ஒன்றைப் பெற்றோலில் சிறிதளவு கலந்தால் இவ்வோசை அடங்குகின்றது என்று கண்டறிந்தார்.

ஓசையை அடக்கிய அம்மருந்து மனிதருக்கு நஞ்சாயிற்று. 1924ஆம் ஆண்டிலேயே அதனைத் தயாரித்த தொழிலாளர் சிலர் ஈய நச்சினால் மாண்டனர். எனினும் பல பத்தாண்டுகள் உலகெங்கும் ஈயம் கலந்த பெற்றோலே விற்கப்பட்டது. இலங்கையில் அது 2002ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. உலகில் வாகனங்களுக்கான அதன் விற்பனை 2021ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஈயத்திற்கு வேறொரு பயனும் இருந்தது. பழைய இரும்புத் தலைகளில் வால்வு அமரும் இருக்கையைத் தேயாமல் அது காத்தது. ஈயம் நீங்கியபின் பழைய வண்டிகளைக் கடினமாக ஓட்டினால் அவ்விருக்கை மெல்லத் தேய்ந்து, வால்வு உள்ளே அமிழ்ந்து, டப்பட் இடைவெளி தானே குறைந்துவிடக்கூடும். முன்னர் கூறிய ஆபத்தான மௌனம் இவ்வாறும் நேரலாம். ஆதலின் பழைய வண்டி வைத்திருப்போர் ஓசை கேட்காதபோதும் இடைவெளியை அளந்து பார்த்தல் நலம்.

பிங்கிங்கையும் பெரிய முனையின் ஓசையையும் பிரித்தறியப் பழைய ஆங்கில வண்டிகளில் ஓர் எளிய வசதி இருந்தது. தீப்பொறியின் காலத்தை முன்தள்ளவும் பின்தள்ளவும் கைப்பிடியில் சிறு நெம்பு ஒன்று இருக்கும். ஏற்றத்தில் ஓசை எழும்போது அந்நெம்பினால் பொறியைச் சற்றுப் பின்தள்ளினால் பிங்கிங் உடனே மறையும். மறைந்தால் இயந்திரத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. பொறியின் காலத்தைச் சரிசெய்து, தலையைக் கழற்றி, உள்ளே படிந்த கரியை நீக்கினால் போதும். கரியைச் சுரண்டக் கூரிய இரும்பைப் பயன்படுத்தலாகாது. மரச்சீவலோ மென்மையான அலுமினியத் துண்டோ தகும். இல்லையேல் அலுமினியத்தாலான பிஸ்டனின் தலையில் கீறல் விழும்.

வேறு சில ஓசைகள் ஏமாற்றுவன. புகைக்குழாய் சிலிண்டரோடு சேருமிடத்தில் மூட்டுத் தளர்ந்தால் எழும் 'டிக்' என்னும் ஒலி, டப்பட்டின் ஒலியைப் போன்றே இருக்கும். பாரம் ஏறும்போது அது பலமாகும். மூட்டைச் சுற்றிக் கரும்புகைக் கறை காணப்படும். முதற்சங்கிலி தளர்ந்து மூடியில் உரசும் ஓசையைக் கேட்டுப் பெரிய முனை போய்விட்டது என்று அஞ்சியோரும் உளர். கிளச்சைப் பிடித்ததும் மாறும் ஓசையாயின் கிராங்கைக் குறை கூறுமுன் கிளச்சையும் கியர் பெட்டியையும் ஆராய்தல் வேண்டும். இயந்திரத்தைத் தாங்கும் ஆணி ஒன்று தளர்ந்திருந்தாலும் முழு வண்டியே அதிர்ந்து, பெருநோய் போலத் தோன்றும். எனவே அனுபவமுள்ள பாஸ் ஒரு ஸ்பனரைக் கொண்டு வெளியாணிகளை இறுக்குவதிலும், எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பார்ப்பதிலுமே தன் வேலையைத் தொடங்குவான். வடித்த எண்ணெயில் பொன்னிறத் தூள் மின்னினால் வெண்கலப் புஷ் தேய்கின்றது என்றும், காந்தத்தில் ஒட்டும் துகள் இருந்தால் இரும்புறுப்புத் தேய்கின்றது என்றும் அறிவான்.

இவ்வறிவின் உண்மையான விலை 1960களில் வெளிப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியினால் அப்பத்தாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் மோட்டார் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு மேலும் இறுகியது. அதே காலத்தில் இங்கிலாந்தின் மோட்டார் சைக்கிள் தொழிலும் வீழ்ச்சியுற்றது. ஒருகாலத்தில் உலகெங்கும் புகழ்பெற்ற பி.எஸ்.ஏ. நிறுவனம் 1973ஆம் ஆண்டில் தனித்து நிற்க இயலாமல் வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. வண்டியும் வரவில்லை, உதிரிப்பாகம் வரவேண்டிய மூலமும் வறண்டது. கூடுதல் அளவுப் பிஸ்டன் கிடைக்காவிடில் சிலிண்டருக்குள் புதிய உறை ஒன்றைச் செலுத்துவதும், தேய்ந்த தண்டை நிரப்பிக் கடைவதும், வெண்கலக் கம்பியிலிருந்து புஷ் கடைவதும் அன்றைய பட்டறைகளின் தொழிலாயின. பொருள் அரிதான காலத்தில் ஒரு தவறான தீர்ப்புக்கூடப் பெருஞ்செலவு. வீணாகப் பிரித்தபோது கிழிந்துபோன ஒரு காஸ்கெட்டுக்கு மாற்றுக் கிடைக்காமல் வண்டி மாதக்கணக்கில் மூலையில் கிடக்கக்கூடும். ஆதலின் 'முதலில் கேள். பின்னர் திற' என்பது அழகிற்குச் சொன்ன அறிவுரையாக அல்லாமல் பிழைப்பின் விதியாக இருந்தது.

1977ஆம் ஆண்டின் இறுதியில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டது. பின்னர் யப்பானிய வண்டிகள் மலைநாட்டு வீதிகளை நிறைத்தன. ஹொண்டா சி.டி.125, சி.டி.200 ஆகியனவும், யப்பானிய அஞ்சல்காரருக்கெனச் சிவப்பு நிறத்தில் செய்யப்பட்ட எம்.டி.90 வண்டியும் இலங்கையர் நன்கு அறிந்தவை. இவற்றின் குரல் வேறு. 1958ஆம் ஆண்டில் பிறந்த முதல் ஹொண்டா சுப்பர் கப் தள்ளுதண்டால் வால்வைத் திறந்தது. 1960களின் நடுப்பகுதியிலிருந்து அக்குடும்பத்து வண்டிகளில் மெல்லிய சங்கிலி ஒன்று கிராங்கிலிருந்து சிலிண்டரின் தலைவரை ஏறி, அங்குள்ள காம் தண்டைச் சுழற்றியது. அச்சங்கிலி நீண்டால், மெதுவாக ஓடும்போது இடப்பக்கத்திலிருந்து 'சர சர' என்னும் ஓசை எழும். வேகம் கூடினால் அது மறையும். பழைய ஆங்கில வண்டிகளில் பழகிய செவிகள் இந்த ஓசையைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. வேகத்தில் மறைகின்றது என்று எண்ணி இதனைப் புறக்கணித்தால், சங்கிலி பல் தாவி, வால்வின் காலம் பிறழ்ந்து, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளக்கூடும். இறுக்கியைச் சரிபார்த்தலும், காலத்தில் சங்கிலியை மாற்றுதலும், உரிய நாளில் எண்ணெய் மாற்றுதலுமே இதற்குத் தீர்வு.

புதிய வண்டி எளிதில் கிடைத்த அந்த ஆண்டுகளில் பழையதைத் திருத்துவதைவிட மாற்றுவது மேல் என்னும் எண்ணம் வளர்ந்தது. 1999ஆம் ஆண்டில் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டபின் மாவட்டத்தின் காய்கறி வணிகம் பெருகியது. விவசாயியின் வீட்டிலும் மோட்டார் சைக்கிள் நின்றது. ஓசை எழுந்தால் உறுப்பை மாற்று, மாற்றியும் போகாவிட்டால் அடுத்த உறுப்பை மாற்று என்னும் முறை பரவியது. செவியின் வேலையைப் பணப்பை செய்தது.

அந்நிலையும் நீடிக்கவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இடைப்பட்ட 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கே பங்கீடு வந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்குக் கிடைத்தது 4 லீற்றர் பெற்றோல் மட்டுமே. பொறியின் காலம் தவறிய இயந்திரம் அந்த நான்கு லீற்றரில் ஒரு பங்கை வீணே எரித்தது. அறுபதாண்டுகளுக்கு முற்பட்ட நிலை திரும்பி வந்தாற்போலாயிற்று. முப்பது, நாற்பது ஆண்டு வயதுடைய ஹொண்டா வண்டிகள் மீண்டும் மதிப்புப் பெற்றன. அவற்றைத் திருத்தத் தெரிந்தோரும் மீண்டும் தேடப்பட்டனர்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? நாட்டின் துறைமுகம் திறந்திருக்கும் காலத்தில் திருத்தும் கலையைப் பேணாதவர்கள், அது மூடப்படும் காலத்தில் அக்கலையை ஒரே நாளில் பெற முடியாது. உதிரிப்பாகத்தைக் கப்பலில் வரவழைக்கலாம். பயின்ற செவியை வரவழைக்க முடியாது. அது நலமான இயந்திரத்தின் அருகே நின்று, பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டுப் பழகி, முதியவரிடமிருந்து இளையவருக்கு வரவேண்டிய செல்வம். மாத்தளையில் பாஸின் பக்கத்தில் நின்று ஸ்பனர் எடுத்துக்கொடுக்கும் சிறுவன், முதலில் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்கக் கற்றால், அவன் காக்கப்போவது வண்டியை மட்டுமன்று. இரத்தோட்டை மலைப்பாதையில் மாலை இருளில் அவ்வண்டியில் வீடு திரும்பும் மனிதனையும் அவன் காக்கின்றான்.